ஆண் பேச்சு, பெண் பேச்சு: அரசியல் உரைகளைக் கணினியில் ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடாளுமன்ற, சட்டமன்ற உரைகளைக் கணினியில் ஏற்றி, ஆண் உறுப்பினர்களும் பெண் உறுப்பினர்களும் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையை வைத்துத்தான் பேசியிருக்கிறேன். தேவைப்பட்ட இடத்தில் டெல்லிக்கும் சென்னைக்கும் வருகிறேன்.

கணினி இதில் என்னதான் செய்கிறது?

எண்ணுகிறது. பெண்கள் பேசியதையெல்லாம் ஒரு குவியலாகவும் ஆண்கள் பேசியதையெல்லாம் இன்னொரு குவியலாகவும் பிரித்துக் கொடுத்தால், எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வந்தது என்று சொல்லிவிடும். இரண்டு குவியலும் ஒரே அளவில் இருக்காது என்பதால் நேரடி எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பெண்கள் குவியலில் 20 லட்சம் சொற்கள், ஆண்கள் குவியலில் 80 லட்சம் சொற்கள். 'குழந்தை' என்ற சொல் பெண்களிடம் 1,000 முறை, ஆண்களிடம் 2,000 முறை வந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆண்கள்தான் குழந்தைகளைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறார்கள். பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை என்று வகுத்தால் பெண்களிடம் 500, ஆண்களிடம் 250. கதை தலைகீழாகிவிட்டது. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று ஒரு புள்ளியியல் சோதனை வைப்போம். அதில் தேறிய சொற்களின் பட்டியல்தான் கணினி தருவது.

அப்புறம்தான் நம் வேலை தொடங்குகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும், அதற்கு இடமும் வலமும் பத்துப் பதினைந்து சொற்களோடு வரிவரியாகத் திறந்து படிக்க வேண்டும். பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தவறான முடிவுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

ஏன் பிரிட்டன்?

பதிவேடுதான் காரணம். ஹான்சர்டு எனப்படும் அவைக்குறிப்பு 1803-லிருந்து கணினி வடிவில் கிடைக்கிறது. 2005 வரையான பகுதியை கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஒரு தரவகமாக, அதாவது கணினியில் தேடி எண்ணக்கூடிய உரைத்தொகுப்பாக, தொகுத்திருக்கிறது. சுமார் 160 கோடிச் சொற்கள்.

இதில் முதல் நூற்றுப் பதினாறு ஆண்டுகளுக்குப் பெண்கள் குவியலே கிடையாது. 1918-ல் முதல் பெண்ணாகத் தேர்வான கான்ஸ்டன்ஸ் மார்க்கியவிச், அயர்லாந்தின் விடுதலையைக் கேட்ட சின் ஃபெயின் கட்சியைச் சேர்ந்தவர். லண்டன் அவையில் போய் அமர மறுத்துவிட்டார். 1919 டிசம்பர் 1-ல் நான்சி ஆஸ்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருடைய முதல் உரை 1920 பிப்ரவரி 24-ல், மதுக் கட்டுப்பாடு பற்றி. மார்கரெட் தாட்சர் பிரதமரான 1979 தேர்தலிலும்கூட 635 பேரில் 19 பேர்தான் பெண்கள். 1997-ல் 659-ல் 120. 2024-ல் 650-ல் 263. ஒன்றுமில்லாததிலிருந்து நாற்பது சதவீதம் வரை ஒரு குவியல் வளர்வதை ஒரே பதிவேட்டில் பார்க்க முடிகிற இடங்கள் மிகக் குறைவு.

முதல் முறை ஓட்டிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் பணமும் சதவீதமும், பெண்கள் பக்கம் குழந்தையும் குடும்பமும் வந்தன. இதுதானே உண்மை?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நிறுத்தி, "நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?" என்று கேட்கிறேன்.

பிரிட்டனில் நிதியமைச்சர் பதவி பல நூற்றாண்டுப் பழமையானது. அதில் முதன்முதலாக ஒரு பெண் அமர்ந்தது 2024 ஜூலையில். ரேச்சல் ரீவ்ஸ் தன் முதல் பட்ஜெட்டை அக்டோபர் 30-ல் வாசித்தார். அப்படியானால் நீங்கள் 1997 முதல் 2023 வரையான உரைகளை எடுத்திருந்தால், அத்தனை பட்ஜெட் உரைகளும் ஆண்கள் குவியலில்தான் இருக்கும். 'பில்லியன்', 'சதவீதம்', 'பற்றாக்குறை' போன்ற சொற்கள் அந்தப் பக்கம் ஒதுங்குவதற்கு ஆணின் மனம் எப்படி இயங்குகிறது என்ற ஆராய்ச்சி தேவையில்லை.

இப்போது டெல்லிக்கு வாருங்கள். இந்திரா காந்தி பிரதமராக இருந்துகொண்டே நிதித்துறையையும் வைத்திருந்ததால் 1970-ல் ஒரு பட்ஜெட் வாசித்தார். அதற்குப் பிறகு 2019 ஜூலை 5-ல் நிர்மலா சீதாராமன். பிசிராந்தையாரின் 'காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே' பாடலை அவையில் சொன்னது அந்த உரையில்தான். அதன் பிறகு ஆண்டுதோறும் அவரே வாசிக்கிறார். 2019-க்குப் பிந்தைய உரைகளை மட்டும் எடுத்தால் 'கோடி', 'சதவீதம்', 'மூலதனச் செலவு' எல்லாம் பெண்கள் பக்கம் சாய ஆரம்பிக்கும். லண்டனில் ஆண் சொல்லாக இருந்தது டெல்லியில் பெண் சொல்லாகிறது. சொல் மாறவில்லை, நாற்காலி மாறியிருக்கிறது.

சபாநாயகர் விஷயத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பெட்டி பூத்ராய்டு 1992 முதல் 2000 வரை காமன்ஸ் அவையின் முதல் பெண் சபாநாயகர். அந்தக் காலத்து உரைகளைப் பிரிக்காமல் போட்டால் அவையை அமைதிப்படுத்தச் சொல்லும் 'ஆர்டர்' என்ற சொல் பெண்களின் தனிச்சொல்லாக மேலே வந்து நிற்கும். மக்களவையில் 2009 முதல் 2014 வரை மீரா குமார், அடுத்து 2019 வரை சுமித்ரா மகாஜன். பத்து ஆண்டுகளாக "உட்காருங்கள்" என்று அவையை அடக்கிய குரல் பெண் குரல். அதை வைத்துக்கொண்டு 'பெண் எம்.பி.க்கள் கட்டளை மொழி பேசுகிறார்கள்' என்று கட்டுரை எழுதிவிட முடியும்! ஆகவே சபாநாயகர் பேச்சை எடுத்துவிடுங்கள். அமைச்சரை அமைச்சரோடும், பதவி எதுவும் இல்லாத பின்வரிசை உறுப்பினரைப் பின்வரிசை உறுப்பினரோடும், சுகாதார விவாதத்தைச் சுகாதார விவாதத்தோடும் ஒப்பிடுங்கள். முடிந்தால் ஒரே கட்சிக்குள்ளேயே ஒப்பிடுங்கள். 1997-ல் வென்ற 120 பெண்களில் 101 பேர் தொழிற்கட்சி. அந்த அவையில் பெண்கள் பேச்சு என்று நீங்கள் எண்ணியதில் பெரும்பகுதி தொழிற்கட்சிப் பேச்சாக இருக்கும்.

இதையெல்லாம் கழித்த பிறகு ஏதாவது மிஞ்சுகிறதா?

மிஞ்சுகிறது, அதுதான் இந்த வேலையைத் தொடர வைக்கிறது. லூக் பிளாக்ஸில், காஸ்பர் பீலன் இருவரும் 1945-க்குப் பிந்தைய ஹான்சர்டை ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள். பெண்களைப் பற்றிய பேச்சை அவைக்குக் கொண்டுவந்ததில் பெண் உறுப்பினர்கள் ஆண் உறுப்பினர்களைவிடத் தொடர்ந்து முன்னே நின்றார்கள் என்பது அதில் தெரிந்தது. கேட்டால் 'இது தெரிந்ததுதானே' என்று தோன்றும். ஆனால் அவையில் பெண்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று வாதிடுபவர்களுக்கு இது எண்களில் கிடைத்த பதில்.

அமெரிக்காவில் பிரைஸ் டீட்ரிக்கும் அவருடைய சகாக்களும் எழுத்தை விட்டுவிட்டுக் குரலை அளந்தார்கள். பிரதிநிதிகள் அவையின் 70,000-க்கும் மேற்பட்ட உரைகளின் ஒலிப்பதிவை எடுத்து, ஒவ்வொருவரும் தன் வழக்கமான சுருதியிலிருந்து எங்கே மேலே போகிறார் என்று பார்த்தார்கள். பெண்களைப் பற்றிப் பேசும்போது பெண் உறுப்பினர்களின் குரலில் அழுத்தம் கூடியது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அவரை அவரோடே ஒப்பிட்டதால் இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

லோட்டே ஹார்கிரேவ், ஜாக் புளூமனாவ் இருவரும் 1997 முதல் 2019 வரையான காமன்ஸ் உரைகளைப் பார்த்தார்கள். உணர்ச்சி, பரிவு எல்லாம் பெண்களின் பாணி என்றும், தாக்கிப் பேசுவது, சிக்கலாக வாதிடுவது எல்லாம் ஆண்களின் பாணி என்றும் ஒரு பழைய நினைப்பு உண்டு. ஆண்டுகள் போகப்போகப் பெண் உறுப்பினர்களின் பேச்சு அந்த அச்சிலிருந்து நகர்ந்து வந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். 'பெண்கள் இப்படித்தான் பேசுவார்கள்' என்பது 1997-ல் ஓரளவு பொருந்தியது, 2019-ல் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. ஆகவே எந்த ஆண்டின் பேச்சு என்று சொல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

ஒரே ஆளின் பேச்சை மட்டும் காலப்போக்கில் பார்க்கலாமா?

தாராளமாக. ஜெனிஃபர் ஜோன்ஸ் அப்படித்தான் 1992 முதல் 2013 வரை ஹிலாரி கிளின்டன் கொடுத்த பேட்டிகளையும் விவாதங்களையும் எடுத்துக்கொண்டார். அதிபரின் மனைவி, செனட்டர், வேட்பாளர், வெளியுறவு அமைச்சர் என்று பொறுப்பு ஏற ஏற, அவருடைய மொழிநடை ஆண் அரசியல்வாதிகளின் நடைப்பக்கம் நகர்ந்தது தெரிந்தது. ஆள் ஒருவரே என்பதால் வளர்ப்பு, படிப்பு, கட்சி எல்லாம் தானாகவே சமமாகிவிடுகின்றன.

'நான்', 'நாங்கள்' போன்ற சின்னச் சொற்களை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர் கூட்டாளிகளும் 14,000 எழுத்து, பேச்சு மாதிரிகளை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மூலம். ஆங்கிலத்தில் பெண்கள் 'நான்', 'அவள்' போன்ற பிரதிப்பெயர்களையும் மனிதர்களைக் குறிக்கும் சொற்களையும் அதிகம் பயன்படுத்தினார்கள். ஆண்களிடம் சுட்டிடைச் சொற்களும் (a, the) முன்னிடைச் சொற்களும் (in, of போன்றவை) எண்களும் அதிகம். சராசரியில் மட்டும் தெரியும் சிறிய வித்தியாசங்கள் இவை.

அவைக்குறிப்புக்கு இதைப் பொருத்தும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஹான்சர்டு பேசியதை அப்படியே எழுதுவதில்லை. திரும்பச் சொன்னதை நீக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தித்தான் அச்சிடுகிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் பதிவேட்டில் உறுப்பினரே பின்னால் திருத்தவும் சேர்க்கவும் வழி இருக்கிறது. நம் மக்களவையில் ஒருவர் தமிழில் பேசினால், அவைக்குறிப்பில் இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு என்று அடிக்குறிப்பு இருக்கும். அங்கே 'நான்' எத்தனை முறை வந்தது என்று எண்ணினால் மொழிபெயர்ப்பாளரின் பழக்கத்தைத்தான் எண்ணுகிறீர்கள். சின்னச் சொற்களை எண்ண வேண்டுமென்றால் காணொளியைக் கேட்டு நீங்களே எழுத்தாக்குங்கள்.

தமிழ் உரைகளில் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் ஆங்கிலத்துக்குச் செய்த கருவியை அப்படியே போட்டால் கவிழ்த்துவிடும்.

'ஆண்' என்ற எழுத்துச் சரத்தைத் தேடிப் பாருங்கள். வந்து விழுவதில் பெரும்பாலும் 'ஆண்டு' இருக்கும். கடந்த ஆண்டு, நடப்பு ஆண்டு, நிதியாண்டு என்று சட்டமன்றத்தில் அது வராத பத்தியே இருக்காது. நிதியாண்டு மட்டும் இந்தத் தேடலில் சிக்காது. அங்கே ஆகாரம் 'யா'வுக்குள் போய்விட்டது. சரி, 'ஆணின்', 'ஆணுக்கு' எல்லாம் வேண்டுமே என்று புள்ளியை எடுத்துவிட்டுத் தேடினால் ஆணை, ஆணையம், ஆணையர் மூன்றும் வரிசையாக உள்ளே வரும். 'பெண்' தேடினால் நீர்ப்பாசன மானியக் கோரிக்கையில் தென்பெண்ணை ஆறு சிக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால், ஆற்றுப் பாசனத்துக்காக வாதாடிய ஓர் உறுப்பினர் மகளிர் நலனில் முதலிடம் பிடித்துவிடுவார். இதே பிழையை என் முதல் அட்டவணையில் நானும் செய்தேன். அதிலிருந்து, எந்தச் சொல்லையும் எண்ணுவதற்கு முன்னால் குறைந்தது ஐம்பது வரிகளைத் திறந்து படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இன்னொன்று, பெண்ணைக் குறிக்க நம் அரசியலில் பல சொற்கள் உண்டு: பெண்கள், மகளிர், தாய்மார்கள், சகோதரிகள். 'மகளிர்' பெரும்பாலும் அரசுத் திட்டத்தின் வாடையோடு வரும். 'தாய்மார்கள்' மேடையோடு வரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவதைவிட, யார் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்ப்பதில் சுவையான விஷயங்கள் கிடைக்கும். உறவுச் சொற்களில் 'அம்மா' மிகவும் ஆபத்தானது. ஜெயலலிதா ஆட்சிக் காலத்து உரைகளில் அது முதலமைச்சர்; 2013-லிருந்து உணவகத்தின் பெயரும்கூட.

'நான்' எண்ணுவதும் சிக்கல்தான். 'கேட்டேன்', 'சொன்னேன்' என்று வினை விகுதியிலேயே தன்மை இடம் இருக்கிறது. 'நான்' வரவேண்டிய அவசியமில்லை. அதனால் விகுதியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆனால் ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது: நாமும் நாங்களும். ஆங்கிலத்தின் 'we' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, கேட்பவரும் அதில் அடக்கமா இல்லையா என்று அங்கே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஓர் உறுப்பினர் "நாம் செய்ய வேண்டும்" என்றால் அவை முழுவதும் அதில் அடக்கம். "நாங்கள் கேட்கிறோம்" என்றால் எதிரில் இருப்பவர் வெளியே. அந்த 'நாங்கள்' கட்சியா, தொகுதியா, பெண்களா என்று ஒவ்வொன்றாகப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தால், ஆங்கிலத்தில் எழுத முடியாத ஓர் ஆய்வு அது. விகுதி மட்டும் வரும் இடங்களில் ('கேட்டோம்') இரண்டும் ஒன்றாகிவிடும். அவற்றைத் தனியே வையுங்கள். இதை யாராவது முழுமையாகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சட்டமன்றத்தில் பெண்களே கொஞ்சம் பேர்தானே. முடிவு நிற்குமா?

2021 தேர்தலில் 234 இடங்களில் 12 பெண்கள் வென்றார்கள். இவ்வளவு சிறிய குவியலில் ஒருவருடைய பேச்சுப் பழக்கமே 'பெண்கள் பழக்கம்' ஆகிவிடும். தலைவர் பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த ஆண்டுகளில் பெண்கள் குவியலின் பெரும்பங்கு அவர் பேச்சாகத்தான் இருக்கும். தாட்சர் பிரதமராக இருந்த 1979–1990 காலத்து ஹான்சர்டிலும் இதே சிக்கல். ஒரு சொல் மொத்தம் எத்தனை முறை வந்தது என்பதோடு, எத்தனை பேர் அதைச் சொன்னார்கள் என்றும் அட்டவணையில் பக்கத்தில் ஒரு நெடுவரிசை வையுங்கள். அப்புறம் தலைவரை எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். முடிவு தலைகீழானால், நீங்கள் அளந்தது அந்தத் தலைவரைத்தான்.

யார் ஆண், யார் பெண் என்று பதிவேட்டிலிருந்து எப்படிப் பிரிப்பது?

மக்களவைக் குறிப்பில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்று போடுவதால் முக்கால்வாசி எளிது. டாக்டர், பேராசிரியர் என்று வந்தால் தெரியாது, கையால் சரிபாருங்கள். பழைய ஹான்சர்டில் 'பிரதமர்' என்று பதவி மட்டும் இருக்கும் இடங்களில் தேதியை வைத்து ஆளைச் சேர்க்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் பாலினம் சொல்லும் நிரல்களை இந்தியப் பெயர்களுக்கு நம்பாதீர்கள்.

பெண்களின் பெயர் திருமணத்தால் மாறுவதையும் கவனியுங்கள். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்துக்காக அமர்ந்த துர்காபாய் தேஷ்முக், குறிப்பில் 'ஜி. துர்காபாய்'. சி.டி. தேஷ்முக்கை அவர் மணந்தது 1953-ல். 'தேஷ்முக்' என்று தேடுபவருக்கு அந்தச் சபையின் மிகச் சுறுசுறுப்பான பெண் குரல் கிடைக்காமல் போகும்.

பேச்சின் உணர்ச்சியை அளக்கும் மென்பொருள் நம்பத் தகுந்ததா?

சொல்பட்டியலை மட்டும் வைத்து அளப்பவை ஆபத்தானவை. 'புற்றுநோய்', 'வன்முறை', 'மரணம்' எல்லாம் அந்தப் பட்டியலில் எதிர்மறைச் சொற்கள். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வேண்டும் என்று நிதானமாகக் கேட்கும் ஓர் உறுப்பினர் அதன் கணக்கில் 'எதிர்மறை' ஆகிவிடுவார். எதிரே கோபத்தில் கொதிப்பவர் 'கனம் நண்பர்' என்று சடங்குக்குச் சொன்னதற்காக 'நேர்மறை' ஆகிவிடுவார். சடங்கு வாக்கியங்களை முதலில் நீக்குங்கள்.

உரையைக் கொடுத்தால் பேசியவர் ஆணா பெண்ணா என்று நிரல் 80 சதவீதம் சரியாகச் சொல்கிறதாம். பெரிய விஷயமா?

அந்த அவையில் ஆண்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80 என்றால், எல்லாவற்றுக்கும் 'ஆண்' என்று மட்டும் சொல்லும் நிரலும் அதே மதிப்பெண் வாங்கும்.

உரையை எழுதிக் கொடுப்பவர் வேறொருவர் ஆயிற்றே?

தயாரித்த உரைகளில் அது உண்மை. 1980 கட்சி மாநாட்டில் தாட்சர் பேசிய, கொள்கையிலிருந்து பின்வாங்க மாட்டேன் என்ற பொருளில் வரும் புகழ்பெற்ற 'திரும்ப மாட்டேன்' வரியை எழுதியவர் ரொனால்ட் மில்லர் என்ற நாடக ஆசிரியர். அதனால் கேள்வி நேரத்துத் துணைக் கேள்விகளையும் குறுக்கீடுகளுக்குச் சொன்ன பதில்களையும் தனிக் குவியலாக எடுக்கிறேன். எழுதி வைத்துக்கொள்ள நேரமில்லாத இடம் அது.

தொடங்க நினைக்கிறேன். எதை எடுக்கலாம்?

அரசியல் நிர்ணய சபை விவாதங்களை எடுங்கள். 1946 டிசம்பர் 9-ல் தொடங்கிய சபை. உரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெண் உறுப்பினர்கள் 15 பேர். சொற்களை எண்ணும் கருவிக்கு ஆன்ட்கான்க் (AntConc) அல்லது வாயன்ட் (Voyant) போதும், இரண்டும் இலவசம். பைத்தான் நிரல்மொழியை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

அதில் 1949 நவம்பர் 24-ஆம் தேதிக்குப் போய் அம்மு சுவாமிநாதனின் உரையைத் தேடுங்கள். பெண்களுக்குச் சம உரிமை இந்தியா தரவில்லை என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள், இந்திய மக்கள் தாங்களே அரசியல் சட்டம் எழுதியபோது மற்ற எல்லாக் குடிமக்களுக்கும் சமமான உரிமையைப் பெண்களுக்கும் தந்திருக்கிறார்கள் என்று இப்போது சொல்லலாம் என்கிறார். 'உரிமை', 'பெண்கள்' இரண்டையும் கணினி எண்ணிக்கொள்ளும். அதே உரையில் சட்டம் இவ்வளவு பருமனாகிவிட்டதே என்று ஒரு குறையும் சொல்கிறார்: அரசியல் சட்டம் என்றால் கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்து எடுத்துப் போகும்படி சிறிய புத்தகமாக இருக்கும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தாராம். கைப்பையை முதலில் சொல்கிறார், சட்டைப்பையை அடுத்ததாக. கையில் அரசியல் சட்டத்தோடு நடந்து போகும் குடிமகனை நினைக்கும்போது அவர் கண்ணுக்கு முதலில் ஒரு பெண் தெரிந்தாரோ என்று அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

எப்போதோ ஒரு முறை வரும் இப்படியொரு சொல்லை எந்தப் புள்ளியியல் சோதனையும் மேலே கொண்டுவராது. அதனால் பட்டியல் போடுவதற்கு முன்னால் அந்த 15 பேர் பேசியதையும் முழுவதுமாக ஒரு முறை படித்துவிடுங்கள். ஆண்கள் பேசியதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய குவியல்தான் அது, சில நாட்களில் முடித்துவிடலாம்.